பசவன்பெட்டாவின் திமில்

கூடவே வரும் சாலை – அத்தியாயம் 14

போன வாரம் சாந்தம்மா தடுக்கி விழுந்த அந்த நீலப் பெட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கூடத்தின் நடுவில்தான் கிடந்தது.

மகள் அனுப்ரியா இன்னும் அதில் துணிகளை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். செவ்வாய்க்கிழமை விடிகாலையில் பெங்களூரிலிருந்து விமானம். ஜப்பானில் மூன்று வருஷம், கம்பெனியே அனுப்புகிறது.

அன்று விழுந்தவளை மகள் ஓடிவந்து தூக்கியபோது, "பாழாப்போன முட்டி" என்று பழியை முழங்காலின் மேல் போட்டுவிட்டாள் சாந்தம்மா. சித்திரையில் வேலையை விட்டு நின்றபோதும் பழி ஏற்றது அதே முழங்கால்தான். ஒரு குற்றமும் அறியாத முழங்கால்.

உண்மை தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இரண்டே பேர். சாந்தம்மாவும், அவள் புருஷன் ஆஞ்சப்பனும்.

இடது கண்ணில் பார்வை அறவே இல்லை. வலது கண்ணில், நடுவில் மட்டும் ஒரு ரூபாய்க் காசளவுக்கு மிச்சம் இருந்தது. அந்தக் காசுக்குள் என்ன விழுகிறதோ அதுதான் உலகம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். "போனது வராதும்மா. இருக்கறதையாவது காப்பாத்தணும்னா ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீங்க. ஒரு மாசம் கூடவே ஒரு ஆள் இருக்கணும்."

"பாப்பா பிளேன் ஏறட்டுங்க. மறுநாளே வந்து படுத்துக்கறன்" என்று சொல்லிவிட்டு வந்தவள், சாமி படத்துக்கு முன்னால் ஆஞ்சப்பனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

தெரிந்தால் அனு போகமாட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஆஞ்சப்பன் காய்ச்சலில் படுத்தபோது, பூனாவில் இருந்த இன்டர்வியூவை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அவள். அந்த வாய்ப்பு பிறகு வரவேயில்லை. இதுவும் அப்படிப் போக விடுவதில்லை என்று சாந்தம்மா மனசில் முடிச்சுப் போட்டிருந்தாள்.

இன்னும் இரண்டு நாள். அதில் இந்த ஒரு நாளை நினைத்துத்தான் அவளுக்குக் கவலை.

காரணம், அனுவின் ஜப்பானிய மொழி வகுப்பு.

"உங்க ஊர்ல பாக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு பத்து வரி எழுதச் சொன்னாங்கம்மா. நான் என்ன எழுதினன் தெரியுமா? பெரிய கம்பெனிங்க இருக்குது. பெரிய ரோடு இருக்குது. ரோஜாப்பூ வெளையுது. தக்காளி வெளையுது. நாலு வரியோட நின்னுபோச்சு. வேற ஒண்ணுமே இல்லையான்னு அந்த டீச்சர் பாவப்பட்டுட்டாங்க."

அந்தப் பாவப்படல் அவளைச் சுட்டிருக்க வேண்டும். ஒரு வாரம் போனைத் துழாவி, இரண்டு இடங்களைக் கண்டுபிடித்தாள். இரண்டும் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள். இரண்டையும் அந்த வீட்டில் யாரும் கண்டதில்லை. கூட வேலை செய்யும் மோகன்குமாரின் பழைய காரை ஒரு நாளுக்குக் கேட்டு வாங்கிவிட்டாள்.

"மூணாவது எடம் நீ சொல்லும்மா" என்றாள்.

சாந்தம்மா யோசித்தே சொன்னாள். "பசவன்பெட்டா."

சூளகிரிச் சாலையிலிருந்து உள்ளே போனால் வரும் மலை அது. பெட்டா என்றால் கன்னடத்தில் மலை. பசவன் என்றால் நந்தி. சாந்தம்மா அதைப் பார்த்ததில்லை. ஆனால் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சென்னம்மாவுக்கு அதன் அடிவாரம்தான் ஊர். தமிழும் கன்னடமும் தெலுங்குமாகக் கலந்து, அந்த மலையைப் பற்றி அவள் பேசாத நாள் கிடையாது. கிழக்கே தலை. நடுவில் திமில். மேற்கே ஏரிப்பக்கம் வால். "நம்ம பசவண்ணா படுத்துகினு ஊரையே பாக்கறான் சாந்தா" என்பாள். மூன்று வருஷத்துக்கு முன் மகனோடு பெங்களூர் போய்விட்டாள்.

கேட்டுக் கேட்டு மனப்பாடமான மலை. பார்க்காமலேயே சொல்லிவிடலாம். அதனால்தான் அதைச் சொன்னாள்.

முந்தின நாள் சாயங்காலம், அனு கடைக்குப் போன நேரத்தில், புருஷனும் பெண்டாட்டியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எதிரில் என்ன இருந்தாலும் ஆஞ்சப்பன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு தடவை இருமினால் மேடு. இரண்டு தடவை இருமினால் பள்ளம்.

"படின்னா?" என்று கேட்டார் ஆஞ்சப்பன்.

"படியும் மேடுதான."

"எறங்குற படின்னா?"

"தே, கொழப்பாதீங்க."

•

புளிச்சோறும் கடலைத் துவையலும் கட்டிக்கொண்டு எட்டு மணிக்குக் கிளம்பினார்கள்.

"முன்னாடி உக்காரும்மா. எல்லாம் நல்லாத் தெரியும்" என்றாள் அனு.

சாந்தம்மா கதவைத் தடவித் திறந்து உட்கார்ந்தாள். பின்சீட்டில் ஆஞ்சப்பன்.

"ஊட்டி போவணும், கொடைக்கானல் போவணும்னு இருவது வருஷமா பேசிகினே இருந்தோம்" என்றாள் அனு, வண்டியை எடுத்துக்கொண்டே. "பக்கத்துல இருக்கறத பாக்கல. ஊர விட்டுப் போறப்பதான் தேடறன். கண்ணு கெட்ட பிறவு சூரிய நமஸ்காரம்னு சொல்வாங்களே, அந்தக் கதை."

பின்சீட்டில் ஆஞ்சப்பனுக்குப் புரையேறியது.

"தண்ணி குடிப்பா."

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல."

பேச்சை மாற்ற வேண்டும். சாந்தம்மா சட்டென்று இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டாள்.

"நான் கண்ண மூடிகினே இந்த ரோட்ட சொல்லட்டுமா பாப்பா?"

"சொல்லு பாக்கலாம்."

"இதோ கூட்டு ரோடு வந்துருச்சு. ஓசூருக்கு நேராப் போ. அடுத்து பள்ளிக்கூடத்துகிட்ட ரோட்டுல கோடு கோடாப் போட்டிருப்பான். கடகடன்னு அஞ்சு தடவ."

கார் கடகடவென்று ஐந்து முறை அதிர்ந்தது. அனு சிரித்தாள்.

"அப்பறம்?"

"கோழிப்பண்ண நாத்தம் வரும். அது போனதும் ஒரு பாலம். வயித்துல லேசா குழி விழும் பாரு. அப்பறம் ஒரு வளைவு. எங்க டிரைவரு அங்க ஆரன் அடிக்காம போவமாட்டாரு."

நாற்றம் வந்தது. போனது. வயிற்றில் குழி விழுந்தது.

பத்தொன்பது வருஷம். வண்டிகளுக்குள் ஓடும் ஒயர்க் கற்றைகளைக் கட்டும் கம்பெனியில் வேலை. விடிகாலை ஐந்து மணிக்கு முன்பே பஸ் வந்துவிடும். முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்தால் கம்பெனி வாசலில்தான் நிமிர்வாள். இந்தச் சாலையை அவள் கண்ணால் படித்ததில்லை. முதுகாலும் வயிற்றாலும் படித்தது.

"அந்தப் பாலத்துகிட்ட என்னம்மா இருக்குது?" என்று கேட்டாள் அனு.

"யாருக்குத் தெரியும்? போறப்ப இருட்டு. வரப்ப தூக்கம். பஸ்ஸு அங்க ஒருநாளும் நின்னதில்ல."

அனு வேகத்தைக் குறைத்தாள். நிறுத்திப் பார்க்கலாமா என்று நினைத்தாளோ என்னவோ. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்த, கார் அந்த இடத்தைத் தாண்டிவிட்டது.

•

கெலவரப்பள்ளி அணையில் இறங்கியதும் சோப்பு நாற்றம் மூக்கில் ஏறியது.

"அடேங்கப்பா" என்று ஆரம்பித்தார் ஆஞ்சப்பன். "நுரைய பாத்தியா சாந்தா. மதகுக்குக் கீழ ஆளு உசரத்துக்கு நிக்குது. வெள்ள வெளேர்னு. காத்துல பிச்சுகினு பறக்குது பாரு, பஞ்சு மாதிரி."

சாந்தம்மாவின் காசுக்குள் வெள்ளையாக ஏதோ மிதந்து வந்தது, போனது. அவ்வளவுதான்.

"ஆமா, பஞ்சு மாதிரிதான் இருக்குது."

"அந்தாண்ட நாலு கொக்கு. ஒண்ணு ஒத்தக் கால்ல நிக்குது. இந்தாண்ட ஒருத்தன் தூண்டி போட்டுகினு குந்திகினு இருக்கறான். செவப்பு சட்ட."

அனு திரும்பித் தகப்பனைப் பார்த்திருக்க வேண்டும். பேச்சு அந்தப் பக்கம் போனது.

"உனக்கு என்னப்பா ஆச்சு இன்னிக்கி? கிரிக்கெட் மேட்ச்சு மாதிரி சொல்லிகினே வர?"

ஆஞ்சப்பன் ராயக்கோட்டை தக்காளி மண்டியில் சுமை ஏற்றி இறக்குகிறவர். பகலெல்லாம் அங்கே கத்திவிட்டு வருவதால் வீட்டில் பத்து வார்த்தைக்கு மேல் செலவழிக்கமாட்டார். உப்பில்லாவிட்டாலும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுகிற மனிதர்.

"பொண்ணு போவுது. இனிமே யார்கிட்ட பேசப்போறன்" என்றார். சட்டென்று வாயில் வந்த பொய்தான். ஆனால் சொல்லி முடித்தபோது அது பொய்யாக இல்லை.

கொஞ்ச நேரம் மூவரும் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இத்தனை பெரிய தென்பெண்ணை, இத்தனை கிட்டத்தில் ஓடியிருக்கிறது. அதன் மேல் பெங்களூர்க் கழிவின் நுரை மூடிக் கிடக்கிறதாம். பார்க்கக் கண் இருந்த நாளில் யாரும் வந்து பார்க்கவில்லை.

"அம்மா, இங்க பாரு."

குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பிச் சிரித்தாள். அதில் அவள் கெட்டிக்காரி ஆகியிருந்தாள். போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து, "எப்படி இருக்குது சொல்லு" என்று முகத்துக்கு நேரே நீட்டினாள் அனு.

கண்ணாடிப் பளபளப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எந்தப் படத்துக்கும் பொருந்துகிற ஒரு பதில் எல்லா அம்மாக்களிடமும் உண்டு.

"எனக்கு என்னா இவ்ளோ தொப்ப?"

அனு சிரித்துவிட்டாள். சாந்தம்மா மூச்சு விட்டாள். ஒன்று ஆயிற்று.

•

மல்லசந்திரத்துக் குன்றில் ஏறுவதற்குள் ஆஞ்சப்பன் முப்பது தடவை இருமியிருப்பார்.

"வரப்ப இருமல் மருந்து வாங்கிக்கலாம்ப்பா" என்றாள் அனு.

மேலே போய்ச் சேர்ந்தார்கள். காற்று மட்டும் வீசியது. பாறை வெந்த வாசனை.

"கல்லு வீடும்மா. நெறைய இருக்குது. நாலு பக்கமும் பலகக் கல்லு நிக்குது, மேல ஒரு பலகக் கல்ல மூடி வெச்சிருக்காங்க. ஊர்ல பாண்டவர் வீடுன்னு சொல்வாங்களாம். ஆனா இது செத்தவங்களுக்குக் கட்டினது. ரெண்டாயிரம், மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி."

"செத்தவங்களுக்கு எதுக்கு வீடு?"

"தெரியல. தனியா விட்டுட்டுப் போறமேன்னு மனசு கேக்காம கட்டியிருப்பாங்க."

நீலப் பெட்டி இரண்டு பேர் நினைப்பிலும் வந்து போயிருக்கும்.

இங்கே சாந்தம்மாவுக்குப் பயமில்லை. கல்லைத் தொடலாம். இரண்டு கைகளையும் பலகைக் கல்லில் வைத்து விளிம்போடு நகர்த்தினாள். கம்பெனியில் ஒயர்களை மாட்டிக் கட்டும் அவள் போர்டில் நூற்றுப் பன்னிரண்டு கட்டைகள். எந்தக் கட்டைக்கு எந்த ஒயர் என்பது கைக்குத் தெரியும். கண் மங்கிய பிறகும் எட்டு மாசம் அந்தக் கைகளை நம்பித்தான் ஓட்டினாள். இடம் தெரிந்த கைக்கு நிறம் தெரியவில்லை. சிவப்பு போக வேண்டிய இடத்தில் மூன்று முறை பழுப்பு போனது. மூன்றாம் முறை சூப்பர்வைசர் திட்டக்கூட இல்லை. "உடம்பு சரியில்லையாக்கா?" என்று கேட்டார். அந்த மரியாதையோடு நின்றுகொண்டாள்.

விரல்கள் கல்லில் ஒரு வளைவைத் தொட்டன. வட்டமான ஓட்டை. ஒரு ஆள் தலை நுழைகிற அளவு. விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது.

"எல்லா வீட்டுக்கும் இந்த ஓட்ட இருக்குதும்மா. இரு, நான் அந்தப் பக்கம் வரன்."

மேல்கல் சரிந்து கிடந்த வீடு அது. பின்னால் ஒரு பலகையும் இல்லை. அனு அந்த வழியாக உள்ளே குனிந்து போய் உட்கார்ந்தாள்.

"எட்டிப் பாரு. தெரியறனா?"

சாந்தம்மா குனிந்து வலது கண்ணை ஓட்டைக்கு நேரே கொண்டுபோனாள். உள்ளே நிழல். நிழலில் அவள் கண் கொஞ்சம் சொன்னபடி கேட்கும். காசை மெள்ள மெள்ள நகர்த்தினாள். கருப்பு. கருப்பு. பிறகு ஒரு மூக்குத்தி. அங்கேயே நிறுத்தினாள். சிறுகச் சிறுக மேலே போனாள். வியர்வை ஒட்டிய ஒரு கற்றை முடி. இடது புருவத்தின் மேலே, மூன்று வயசில் கட்டிலில் இடித்துக்கொண்ட தழும்பு. பிறகு ஒரு கண்.

மகளின் முகத்தை இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்துப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று. இன்றைக்கு முழுதாகக் கிடைத்தது. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாம்மா, இவ்ளோ நேரமா பாக்கற?"

"எளச்சிட்ட. ஜப்பான்ல போயி ஒழுங்கா சாப்புடு."

கண்ணில் தண்ணீர் நிறைந்து காசு அழிந்துபோனது. நிமிர்ந்து, வெயில் என்று சொல்லிக்கொண்டு முந்தானையால் துடைத்தாள்.

•

பசவன்பெட்டா போய்ச் சேரும்போது உச்சி வெயில். வெயில் ஏறிவிட்டால் அந்தக் காசும் வெளுத்துவிடும். சுண்ணாம்பு அடித்த சுவரின் முன்னால் நிறுத்தியதுபோல எங்கு பார்த்தாலும் வெள்ளை.

ஆனாலும் சாந்தம்மா நிம்மதியாகத்தான் இறங்கினாள். கடைசி இடம். தெரிந்த மலை.

"அந்தக் கடைல மூணு டீ வாங்கியாங்க" என்று புருஷனிடம் சொன்னாள்.

ஆஞ்சப்பன் தயங்கினார். தயங்கியபோது மலை எந்தப் பக்கம் என்று அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அவர் கண் பெண்டாட்டியின் கால் மேலேயே இருந்தது.

"போங்க. இது எனக்குத் தெரிஞ்ச மலதான."

அவர் செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. மகள் பக்கத்தில் வந்து நின்றாள். எங்கோ போர்வெல் போடுகிற மாதிரி ஓர் இரைச்சல். நாக்கில் தூசி நறநறத்தது.

ஏரிக்காற்று இடது கன்னத்தில் பட்டது. அப்படியானால் வால் இடப்பக்கம். தலை வலப்பக்கம். சாந்தம்மா கணக்குப் போட்டுக்கொண்டு முகத்தை நிமிர்த்தினாள்.

"சென்னம்மா சொன்னது சொன்னபடியே இருக்குது பாரு பாப்பா. அதோ தல. இந்தாண்ட வாலு. நல்லா கால மடிச்சுப் படுத்துகினு இருக்கறான் பசவண்ணன்."

அனுவின் செருப்பு மண்ணில் அரைபட்டது.

"நடுவுல பாரு திமில. எவ்ளோ பெருசு. கோயில் மாட்டுக்கு இருக்கற மாதிரி."

இரைச்சல் நின்றது. திரும்பத் தொடங்கியது.

"எங்கம்மா?" என்றாள் அனு. குரல் மெதுவாக வந்தது.

"அதோ. எதுருலயே நிக்குது, எங்கன்னு கேக்கற. உனக்குக் கண்ணு தெரியலயா?"

மகளின் கை வந்து முழங்கைக்கு மேலே பிடித்தது. அந்தப் பிடி கொஞ்சம் இறுகியது. பிரிவு நெருங்குகிற பாசம் என்று எண்ணி, சாந்தம்மா அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"ஆமாம்மா" என்றாள் அனு. "நல்ல பெரிய திமிலு."

"எழுதிக்க. உங்க டீச்சருக்கு அஞ்சாவது வரி."

"எழுதிக்கறன்."

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. பாதி வழியில் நின்றது.

"அடப்பாவிங்களா" என்றார் ஆஞ்சப்பன். "திமிலயே காணோமே."

அவருக்கு மலையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"நடு மலய சதுரம் சதுரமா வெட்டி எடுத்துகினு போயிட்டானுங்களே. கல்லுக்காவ. இங்க முண்டம் தனியா தல தனியா இல்ல கெடக்குது. இந்த மலய நான் கல்யாணத்துக்கு முன்னாடி பாத்திருக்..."

அங்கே நிறுத்திக்கொண்டார். பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்திருப்பார். இல்லை, மகளின் முகத்தை.

டீ கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்ட சத்தம் சாந்தம்மாவுக்குக் கேட்டது.

"ஆறிடப்போவுது, குடுப்பா" என்றாள் அனு.

ஒரு கிளாஸை வாங்கி அம்மாவின் கையில் வைத்தாள். வைத்துவிட்டு விட்டுவிடவில்லை. அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து கிளாஸைச் சுற்றி மடித்தாள்.

"சூடா இருக்குது. பாத்துக் குடி."

சாந்தம்மா குடித்தாள். டீயில் தூசி விழுந்திருந்தது.

•

திரும்பி வரும்போது அதே முன்சீட்டு. சாந்தம்மா காத்துக்கொண்டு வந்தாள். மகள் கத்துவாள், அழுவாள், ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். கேட்டால் சொல்வதற்கு எல்லாம் தயாராக வைத்திருந்தாள். முட்டி என்பாள். வெயில் கூசுகிறது என்பாள். ஒன்றும் எடுபடாவிட்டால், உன் நல்லதுக்குத்தான் என்பாள்.

அனு எதுவும் கேட்கவில்லை. கியர் மாற்றும் சத்தம் மட்டும். ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். பின்சீட்டில் ஆஞ்சப்பன் இருமவே இல்லை.

சூளகிரிச் சாலை உத்தனப்பள்ளி கூட்டு ரோட்டில் வந்து முட்டும். அங்கே இடப்பக்கம் திரும்பினால் வீடு. திரும்பும்போது உடம்பு வலப்பக்கம் சாயும், தோள் கதவிலிருந்து விலகும். சாந்தம்மா அதற்குத் தயாராக சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. தோள் கதவில் இடித்தது.

"பாப்பா" என்றாள். "வீடு அந்தாண்ட."

அனு கியரை மாற்றினாள்.

கடகடவென்று ஐந்து முறை. பள்ளிக்கூடம். கார் ஓசூரைப் பார்த்துப் போகிறது.

பின்னாலிருந்து ஆஞ்சப்பன் முன்னால் சாய்ந்தார். "கண்ணு, இன்னிக்கி ஞாயித்துக்கெழம. ஆஸ்பத்திரில யாரும் இருக்கமாட்டாங்க."

"நான் ஆஸ்பத்திரின்னு சொல்லவே இல்லயேப்பா."

அவர் மெள்ளப் பின்னால் சாயும் சத்தம் கேட்டது. மண்டியில் ஐம்பது கிலோ கூடையைத் தூக்கி நிற்கிறவர், ஒரு சத்தியத்தை ஒரு நாள் சுமக்க முடியவில்லை. சாந்தம்மாவுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

கோழிப்பண்ணை நாற்றம் வந்தது. மெல்லக் குறைந்தது.

"பாப்பா" என்றாள் மறுபடி. "பாலம் வரும். மெதுவா போ."

அனு மெதுவாகப் போனாள். இன்னும் மெதுவாக. வயிற்றில் குழி விழுவதற்கு முன்னால், சாலையின் ஓரத்தில் மண் நெரிய, கார் நின்றுவிட்டது. எஞ்சின் அணைந்தது.

பத்தொன்பது வருஷத்தில் பஸ் ஒரு நாளும் நிற்காத இடம். இங்கே சாந்தம்மாவின் முதுகுக்கு ஒன்றும் தெரியாது, வயிற்றுக்கும் தெரியாது. எங்கோ தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். ஏதோ ஒரு பறவை. பெயர் தெரியவில்லை. முதல் தடவையாக அவளுக்குத் தன் கண்ணை நினைத்துப் பயம் வந்தது. வீட்டிலிருந்து இருபது நிமிஷத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கே இருக்கிறோம் என்று தெரியாத பயம்.

அந்தப் பக்கக் கதவு திறந்து மூடியது. காலடி காரைச் சுற்றி வந்தது. இவள் பக்கத்துக் கதவு திறந்தது. வெயிலோடு சேர்ந்து மகளின் கை வந்து அவள் கையைப் பற்றியது.

"எறங்கும்மா" என்றாள் அனு. அழுது முடித்த குரல். "இங்க என்னென்ன இருக்குதுன்னு ஒண்ணு விடாம நான் சொல்றன். அதுக்கப்பறம் நீ சொல்லு."